தவணையை நீட்டிக்கொள்வதா, தள்ளுபடி கேட்பதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். அம்மாவின் அறுவைச் சிகிச்சையில் தொடங்கிய கடன் இன்று இப்படி நிற்கிறது: இரண்டு கிரெடிட் கார்டுகளில் 2.60 லட்சம், மாதம் 3.5 சதவீத வட்டி, மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை (மினிமம்) மட்டும் 13,000; தனிநபர் கடனில் 3.80 லட்சம், ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, தவணை 11,400. செல்போன் செயலிகளில் வாங்கியது 90,000, அதற்கு மாதம் 9,000. மனைவியின் 5 பவுன் நகை 2023 முதல் 1.50 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது. ஆண்டுதோறும் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறோம். மைத்துனரிடம் கைமாற்று ஒரு லட்சம். இதுவரை ஒரு தவணையும் தவறவில்லை. தனிநபர் கடனை 6 ஆண்டுகளுக்கு நீட்டித்து மறுசீரமைத்துத் தருவதாக ஒரு வங்கியும், கார்டு பாக்கியை 18 சதவீத வட்டியில் 4 ஆண்டுத் தவணையாக மாற்றித் தருவதாக இன்னொரு வங்கியும் சொல்கின்றன. நண்பர்களோ கட்டுவதை நிறுத்திவிட்டு செட்டில்மென்ட் (ஒரு பகுதியைக் கட்டி, மீதியைத் தள்ளுபடி செய்து கடனை முடிப்பது) கேட்கச் சொல்கிறார்கள். எதற்கு ஒப்புக்கொள்வது? வீட்டுச் செலவு விவரத்தை இணைத்துள்ளேன்.

பதில்: ஒரு தவணையும் தவறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இன்று உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். கெடு தாண்டி 90 நாள் ஆகிவிட்டால் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். அதன்பிறகு உங்களிடம் பேசுவது கிளை மேலாளராக இருக்காது, வசூல் பிரிவாகத்தான் இருக்கும். ஆகவே முடிவை இந்த மாதமே எடுங்கள்.

இரண்டு வங்கிகளும் உங்களிடம் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. வாடகை 9,000, மளிகை, பால், எரிவாயு 10,000, மாதக் கணக்கில் பள்ளிக் கட்டணம் 5,000, மின்சாரம், தொலைபேசி, பெட்ரோல் 4,000, அம்மாவின் மருந்து 2,000 என்று நீங்கள் அனுப்பிய விவரத்தைக் கூட்டினால் 30,000 வருகிறது. இதில் குறைக்கக்கூடிய ஆடம்பரம் எதையும் நான் காணவில்லை. ஆக, கடனுக்கென்று உங்களால் ஒதுக்க முடிந்தது மாதம் 15,000 மட்டுமே. கட்ட வேண்டியிருப்பதோ 33,400. மீதி 18,400 எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லையென்றாலும், கார்டிலிருந்தும் புதிய செயலிகளிலிருந்தும்தான் வருகிறது என்பது கணக்கிலேயே தெரிகிறது. தவணை தவறாமல் இருப்பதாலேயே கடன் குறைவதாக ஆகிவிடாது.

கார்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2.60 லட்சத்துக்கு 3.5 சதவீதம் என்றால் மாத வட்டி 9,100. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,638. நீங்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் செலுத்தும் 13,000-இல் அசலில் கழிவது 2,262 ரூபாய்தான். பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அதற்கு வட்டியில்லாக் காலமும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். எனவே கார்டு பாக்கியை 18 சதவீதத் தவணையாக மாற்றிக்கொள்வது தனியாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இரண்டு ஏற்பாடுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. தனிநபர் கடனை 72 மாதமாக நீட்டினால் தவணை சுமார் 8,035. கார்டு பாக்கியை 48 மாதமாக மாற்றினால் தவணை சுமார் 7,637. இரண்டும் சேர்ந்து 15,672. உங்களிடம் இருக்கும் 15,000-ஐ இதுவே தாண்டிவிடுகிறது. செயலிக் கடனின் 9,000 இதில் சேரவே இல்லை. இந்த நிலையில் கையெழுத்திட்டால் மூன்றாவது அல்லது நான்காவது மாதத்தில் தவணை தவறும். ஒரு முறை மறுசீரமைத்த கடனில் மறுபடியும் தவறியவருக்கு வங்கி இரண்டாவது முறை கைகொடுப்பது அரிது. ஒவ்வொரு வங்கியும் தன் கடன் ஒன்றை மட்டும் பார்த்துத்தான் திட்டம் தருகிறது. கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே ஏற்பாட்டின் கீழ்க் கொண்டுவந்து, மாதம் ஒரே தொகையைப் பெற்றுப் பகிர்ந்து கொடுக்கும் முறை சில வெளிநாடுகளில் சட்டப்படியே உண்டு. சம்பளக்காரர் ஒருவருக்கு அத்தகைய வழி நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. அந்த வேலையை நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் செய்தாக வேண்டும்.

அதற்கான வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 2023-க்குப் பிறகு பவுன் விலை இரட்டிப்பாகிவிட்டது. அன்றைய விலைக்கு 1.50 லட்சம் வாங்கிய 5 பவுனை இன்று மீட்டு விற்றால், கழிவு போக, அடகுக் கடனையும் வட்டியையும் அடைத்தபின் இரண்டு லட்சம் அளவுக்காவது மிஞ்ச வேண்டும். விற்கும் நாளின் சந்தை விலையை இரண்டு கடைகளில் விசாரித்த பிறகே இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மிஞ்சும் தொகையில் 90,000-ஐக் கொண்டு செயலிக் கடன்களை முழுமையாக மூடிவிட்டு, 1.10 லட்சத்தைக் கார்டில் கட்டினால் பாக்கி 1.50 லட்சமாகக் குறையும். அதை 48 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 4,406. தனிநபர் கடனின் 8,035-ஐயும் சேர்த்தால் 12,441. 15,000-க்குள் அடங்கி, மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கையிலும் நிற்கிறது. இப்போது அந்த இரண்டு ஏற்பாடுகளும் உங்களுக்குப் பொருந்துகின்றன, தாராளமாக ஒப்புக்கொள்ளலாம்.

விற்பதற்குப் பதில் அதே நகையின் மேல் கூடுதலாக வாங்கலாமே என்று தோன்றும். கடன் 3.50 லட்சமாகும், ஆண்டுக்கு 12 சதவீதம் என்றாலே மாதம் 3,500 வட்டி. கையில் நிற்கும் தொகைக்குள் அது அடங்காது, அசலும் அப்படியே நிற்கும். அதனால்தான் விற்கச் சொல்கிறேன்.

ஆனால் இது உங்கள் முடிவு இல்லை. பிறந்த வீட்டில் போட்ட நகை சட்டப்படி உங்கள் மனைவியின் சொந்தச் சொத்து. அடகு வைக்கும்போது அவரிடம் எப்படிக் கேட்கப்பட்டதோ எனக்குத் தெரியாது. விற்பதற்கு முன்பாவது கடன் முழுவதையும், செயலிக் கடன்கள் உட்பட, அவர்முன் வைத்து அவர் மனமொப்பிச் சம்மதித்தால் மட்டுமே செய்யுங்கள். பல வீடுகளில் கணவர் வாங்கிய செயலிக் கடன் வசூல்காரர் அழைக்கும் அன்றுதான் மனைவிக்குத் தெரியவருகிறது. அவர் மறுத்தால் அதில் குறை காண ஒன்றுமில்லை. அப்போது வாடகை குறைந்த வீடு, மாலை நேரக் கணக்கு எழுதும் வேலை என்று செலவைக் குறைத்தும் வருமானத்தைக் கூட்டியும்தான் வழி தேட வேண்டும். அந்த இடைவெளி அடைபடும்வரை இரண்டு ஏற்பாடுகளில் கார்டை மட்டும் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் 42 சதவீத ஆண்டு வட்டியைவிட மோசமானது உங்கள் பட்டியலில் செயலிக் கடனாக மட்டுமே இருக்க முடியும்.

கையெழுத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. தனிநபர் கடனை நீட்டிப்பதால் மொத்தத்தில் நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது எண்பதாயிரத்துக்கு மேல். மாதம் 3,365 ரூபாய் மூச்சுவிட இடம் கிடைப்பதற்கான விலை அது. உங்கள் நிலையில் கொடுக்கத் தகுந்த விலை என்றே கருதுகிறேன். இன்னொன்று, கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றுவதும் கடன் மறுசீரமைப்பும் ஒன்றல்ல. முன்னது வழக்கமான வசதி. பின்னது, ஒருவரின் கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கையில் மறுசீரமைக்கப்பட்ட கடன் என்ற குறிப்போடு பதிவாகும். அடுத்த கடன் கேட்கப் போகும்போது அந்தக் குறிப்பு பேசும். நீட்டிப்பு எப்படிப் பதிவாகும், நடைமுறைக் கட்டணம் எவ்வளவு, இடையில் பணம் வந்து முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். மறுசீரமைப்பு வாடிக்கையாளரின் உரிமை கிடையாது, வங்கி தன் கொள்கைப்படி தருவது. ஆகவே மரியாதையான விண்ணப்பம், சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீதுகள் இவற்றோடு போங்கள்.

மைத்துனரிடம் நேரில் போய், எந்த ஆண்டிலிருந்து எவ்வளவு தர முடியும் என்று சொல்லிவிடுங்கள். உறவில் பெயர் கெட்டுவிடுமே என்று வட்டியில்லாக் கடனை முதலில் அடைத்துவிட்டு, வட்டி ஏறும் கடனைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர்.

கட்டுவதை நிறுத்தச் சொல்லும் யோசனை உங்களுக்கானது இல்லை. அது யாருக்கானது என்பதை அடுத்த கடிதம் சொல்லும்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் கணவரின் கடை மூடப்பட்டு ஓராண்டாகிறது. அவர் பெயரில் கார்டும் தனிநபர் கடனுமாக 6 லட்சம் இருக்கிறது. 7 மாதமாக எதுவும் கட்டவில்லை. நான் தைத்துச் சம்பாதிக்கும் 14,000-இல் குடும்பம் நடக்கிறது. கடனைப் பாதியில் முடித்துத் தருவதாக ஒரு நிறுவனம் மாதக் கட்டணம் கேட்கிறது. என் அண்ணன் இரண்டு லட்சம் தருவதாகச் சொல்கிறார். செட்டில்மென்ட் சரியா? வசூல்காரர்கள் என்னையும் மிரட்டுகிறார்கள்.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கடன் பத்திரங்களில் நீங்கள் இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திடவில்லை என்றால், கணவரின் கடனுக்கு நீங்கள் பொறுப்பாளி கிடையாது. மனைவி என்பதாலேயே கடன் உங்கள் தலையில் ஏறாது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் தெளிவாகவே உத்தரவிட்டிருக்கிறது. அழைப்பு வந்த நாள், நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து வைத்து வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

மாதத் தவணை எதையும் கட்ட முடியாத உங்களைப் போன்ற குடும்பத்துக்காக ஏற்பட்டதுதான் சமரசத் தீர்வு. மறுசீரமைப்பு உங்களுக்கு உதவாது. நீட்டித்த தவணையைக் கட்டவும் வருமானம் வேண்டுமே. எனவே செட்டில்மென்ட் கேட்பதில் தவறே இல்லை, கூச்சப்படவும் வேண்டாம். ஆனால் இடையில் அந்த நிறுவனம் எதற்கு? அவர்கள் பேசப் போவதும் அதே வங்கியிடம்தான். உங்கள் கணவர் நேரடியாகக் கடிதம் கொடுத்தாலும் வங்கி பேசும். மாதாமாதம் அவர்களுக்குக் கட்டும் பணம் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. அந்த மாதங்களில் வட்டியும் அபராதக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும், வங்கி வழக்குப் போடுவதையும் அது தடுக்காது. பாதியில் முடிப்போம் என்று முன்கூட்டியே சொல்ல எவராலும் முடியாது, தள்ளுபடி எவ்வளவு என்பது அந்தந்த வங்கியின் முடிவு.

கடை மூடியதற்கான சான்று, உங்கள் வருமானம், மற்ற கடன்கள் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு லட்சத்தை இரு கடனுக்கும் எப்படிப் பிரித்து மொத்தமாகக் கட்ட முடியும் என்று சொல்லிக் கணவர் கையெழுத்துடன் கொடுங்கள். கையில் இருக்கும் ரொக்கம்தான் இந்தப் பேச்சில் எடுபடும். தீர்வுத் தொகையை மூன்று மாதத்துக்கு மேல் தவணையாகக் கேட்டால், ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் விதிமுறைப்படி அது மறுசீரமைப்பாகவே கருதப்படும், வங்கிகள் தயங்குவார்கள். முதலில் வரும் பதிலுக்கே தலையாட்ட வேண்டியதில்லை.

எழுத்து கையில் வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வங்கியின் தலைப்பிட்ட தாளில், கடன் கணக்கு எண், தீர்வுத் தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, இத்தொகையோடு கடன் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்துவிடும் என்ற வாசகம், அதிகாரியின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வசூல் முகவர் அனுப்பும் செய்தி கடிதமாகாது. அந்தக் கடிதம் உண்மைதானா என்று கிளைக்கே போய்க் கேளுங்கள். பணத்தை அந்தக் கடன் கணக்கிலேயே செலுத்துங்கள். செலுத்தியபின் பாக்கியில்லைச் சான்றிதழையும், முன்பு கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்கான விலையும் உண்டு. கடன் அறிக்கையில் முழுமையாக அடைக்கப்பட்டது என்று வராமல் செட்டில் செய்யப்பட்டது என்று வரும். பல ஆண்டுகள் அது நிற்கும். தீர்வு கொடுத்த வங்கி குறைந்தது 12 மாதங்களுக்குப் புதிய கடன் தராது. உங்கள் கணவர் மறுபடி கடை தொடங்க வங்கிக் கடனை நம்பியிருந்தால் இதை யோசிக்க வேண்டும். அண்ணன் தரும் பணம் வட்டிக்கு வாங்கித் தருவதா என்பதையும் கேட்டுவிடுங்கள். கந்து வட்டிப் பணத்தில் வங்கிக் கடனை முடிப்பது கூடவே கூடாது. பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆணைக்குழு அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும்.

கேள்வி: நண்பரின் கடனுக்கு ஜாமீன் போட்டேன். லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம்) இருவரையும் அழைத்திருக்கிறார்கள். 24 தவணைக்கு நண்பர் ஒப்புக்கொள்ளப் போகிறாராம். நானும் கையெழுத்திடலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: லோக் அதாலத்தில் எழுதப்படும் சமரசம் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் வங்கி புதிதாக வழக்கு நடத்த வேண்டியதில்லை, தீர்ப்பாணையைச் செயல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவை நேரே போடலாம். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்கு இணையானது என்பதால், அந்த மனு உங்கள் சம்பளத்தின்மேலும் வரலாம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்படாது. எஞ்சிய பங்கு உட்படும். வருங்கால வைப்புநிதியைத் தொட முடியாது.

ஆகவே கேள்வி நண்பரின் நல்ல மனத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. 24 மாதமும் அவருக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று அவர் வாயால் கேளுங்கள். நம்பகமான பதில் இல்லையென்றால், உங்கள் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட தொகையோடு முடித்து, அதைக் கட்டியதும் உங்களை விடுவிப்பதாகச் சமரசத்திலேயே எழுதக் கேளுங்கள். வட்டி ஓடாமல் நிறுத்தும்படி பேச முடிவதும், நிலுவை வழக்கானால் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைப்பதும் உண்மையான நன்மைகள். அவசியம் போய்ப் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் கையெழுத்திடாமல் எழுந்து வரலாம். உங்களை வற்புறுத்த அங்கே எவருக்கும் அதிகாரம் இல்லை.

கேள்வி: ஏலச்சீட்டு நடத்தி நொடித்துவிட்டேன். மஞ்சள் நோட்டீஸ் (நீதிமன்றத்தில் நொடிப்பு மனு) கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். வீட்டை முதலில் மனைவி பெயருக்கு எழுதச் சொல்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

பதில்: எழுதாதீர்கள். சென்னைக்கு வெளியே இன்றும் நடைமுறையில் இருப்பது 1920-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம். 2016-இல் வந்த புதிய சட்டத்தின் தனிநபர் பகுதி சாதாரணக் கடனாளிகளுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பழைய சட்டப்படி, நீங்கள் நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் உங்கள் சொத்துகள் நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரிடம் போய்விடும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உரிய விலை பெறாமல் செய்த எழுத்துமாற்றங்களை அவர் ரத்து செய்யக் கேட்கலாம். கடைசி மூன்று மாதத்தில் கடன் கொடுத்த ஒருவரை மட்டும் சலுகையாகக் கவனித்திருந்தால் அதுவும் செல்லாததாகலாம். வீட்டை அடமானமாக வைத்திருக்கும் வங்கியை இந்த மனு கட்டுப்படுத்தாது. மோசடியால் வந்த பொறுப்பிலிருந்தும் விடுதலை கிடைக்காது. சீட்டுப் பணம் கட்டியவர்கள் காவல்துறையில் மோசடிப் புகார் கொடுத்தால் அது தனியே நடக்கும். அந்தப் பக்கம்தான் உங்களுக்கு உடனடி ஆபத்து. சீட்டு பதிவு செய்யப்பட்டதா, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற முழுப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மனு போடுவதற்கு முன்பே சீட்டுக்காரர்களை ஒன்றாக அழைத்து, வீட்டை விற்று விகிதாசாரப்படி எல்லாருக்கும் தருவதாக எழுதிக் கொடுத்தால், பலர் அதை ஏற்பார்கள். ஏற்பவர்கள் ஒவ்வொருவரிடமும் பணம் கொடுக்கும் அன்றே ரசீது வாங்கி வையுங்கள்.